சியோல் சொங்கெச்சொன் திட்டம்: மேம்பாலம் போய் ஓடை வந்த கதையைக் கணக்கோடு பேசுவோம்

#1 அளவுகோல்

நகர மையத்தில் விரைவுச்சாலையை இடித்து ஓடையைத் திறந்த திட்டம் என்று யார் பேச்செடுத்தாலும் சியோலின் சொங்கெச்சொன்தான் முதலில் வரும். முன்பு, பின்பு என்று இரண்டு படத்தைப் போட்டு "ஆகா" சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. இங்கே துறை தெரிந்தவர்கள் இருப்பதால் இழையைத் தொடங்குகிறேன்.

அடிப்படைத் தகவல்: கொரியப் போருக்குப் பிறகு கரையோரம் குடிசைகள் பெருகி ஓடை திறந்தவெளிச் சாக்கடையானது. 1958ல் தொடங்கிக் கட்டம் கட்டமாகக் கான்கிரீட் தளம் போட்டு மூடினார்கள். 1967ல் அதன் மேல் மேம்பாலச் சாலை வேலை ஆரம்பம். நான்கு தடம், 16 மீட்டர் அகலம். 2002 மேயர் தேர்தலில் லீ மியுங்-பாக் "இதை இடிப்பேன்" என்று வாக்குறுதி கொடுத்து வென்றார். எதிர்த்து நின்றவர் திட்டத்தையே எதிர்த்தார். 2003 ஜூலை 1 வேலை தொடக்கம், 2005 அக்டோபர் 1 திறப்பு. 5.8 கி.மீ. நீளம், 22 பாலங்கள், ஏறத்தாழ 38,600 கோடி வொன் செலவு.

திறந்த பிறகு கூட்டம் அலைமோதியது. அதே ஓடையைத் திட்டியவர்களும் குறைவில்லை. எந்த இடத்தில் கருத்து பிரிந்தது, ஏன் பிரிந்தது என்று ஆளுக்கொரு பகுதியை எடுத்து எழுதுங்கள்.

#2 செங்கல்சூளை

கட்டுமானப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பலருக்குத் தெரியாதது: அந்த மேம்பாலம் ஏற்கெனவே நோயாளி. கீழே மூடிய தளம், அதற்குள் கழிவுநீர். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, கான்கிரீட்டை அடியிலிருந்து தின்னும். கான்கிரீட் உதிர்ந்ததும் கம்பி துருப்பிடித்து உப்பும். மேலே பார்த்தால் தார் பளபளவென்று இருக்கும், அடியில் ஓட்டை. 1997லேயே கனரக வாகனங்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள். முழுதாகப் பழுதுபார்க்கச் சுமார் 10,000 கோடி வொன் ஆகும் என்று மதிப்பீடு. அந்தப் பழுதுக்கும் சாலையை ஆண்டுக்கணக்கில் மூடித்தான் ஆகவேண்டும்.

ஆகவே "இடிக்கலாமா, அப்படியே விடலாமா" என்பது கேள்வியே இல்லை. எப்படியும் மூடப்போகிறோம், மூடிவிட்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மேயரின் வாதத்துக்குப் பாதி வலு இங்கிருந்துதான் வந்தது. உறுதியான மேம்பாலமாக இருந்திருந்தால் இந்தத் திட்டம் மேசையை விட்டு எழுந்திருக்காது.

இடித்த விதம்: இருபுறமும் கடைகள் திறந்திருக்கும் தெரு, எனவே உடைக்கும் சுத்தியலைக் குறைத்து, வைரக் கம்பி ரம்பத்தால் தளத்தைத் துண்டு துண்டாக அறுத்துக் கிரேனில் இறக்கினார்கள். முதலில் மேல்தளம், பிறகு உத்தரம், தூண்; அதன் பிறகே ஓடையை மூடியிருந்த தளம். வரிசை மாறினால் கிரேன் நிற்கவே இடம் இருக்காது. கம்பி ரம்பத்துக்குக் குளிர்விக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதில் வரும் சிமெண்ட் கூழை உறிஞ்சி எடுக்காமல் வடிகாலில் விட்டால் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். இந்த முறையில் பொதுவாகச் சொதப்புகிற இடம் அதுதான். இரும்பு முழுவதையும், கான்கிரீட், தார்க் கழிவில் 95 விழுக்காட்டையும் மறுபயன்பாட்டுக்கு அனுப்பியதாகக் கணக்கு.

மூன்று தூண்களை மட்டும் நினைவுக்காக ஓடைக்குள் விட்டுவைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு என்பேன்; இல்லாவிட்டால் அங்கே சாலை இருந்தது என்றே அடுத்த தலைமுறை நம்பாது.

#3 மதகுக்காரர்

தண்ணீருக்கு வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: அது ஓடை இல்லை, பம்பு போட்டு ஓட்டும் வாய்க்கால்.

தலைமுனைக்கு மேலே இன்வாங், புகாக் மலைகளிலிருந்து வரும் கிளை ஓடைகள் இன்றும் சாலைக்கு அடியில் மூடித்தான் கிடக்கின்றன. அவற்றோடு கழிவுநீர் கலப்பதால் திறந்த பகுதிக்குள் விடவில்லை. பதிலுக்கு ஹான் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 98,000 டன் எடுத்து, சுத்திகரித்து, குழாயில் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீர் 22,000 டன். மொத்தம் 1,20,000 டன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,20,000 கன மீட்டரை 86,400 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 1.39 கன மீட்டர். சராசரி ஆழம் 40 செ.மீ., வேகம் வினாடிக்குக் கால் மீட்டர் என்று வைத்தால் சுமார் 14 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்த 40 செ.மீ. என்பது "ஓடை மாதிரி தெரியவேண்டும்" என்பதற்காக எடுத்த எண். அதிலிருந்து பின்னோக்கிப் போய்த்தான் பம்பின் அளவு வந்தது.

இந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடக் கூடாது என்று படுகைக்கு அடியில் நீர்புகாத் தடுப்பு போட்டிருக்கிறார்கள். ஆக நிலத்தடி நீரோடு உறவு இல்லை. பம்பை நிறுத்தினால் ஓடை காய்ந்துவிடும். மின்சாரம், பாசி தேய்ப்பது, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பல நூறு கோடி வொன். பாசி ஏன் என்றால்: ஆழம் குறைவு, வெயில் நேராக அடிக்கு இறங்கும், நிலத்தடி நீரில் நைட்ரஜன் அதிகம். மூன்றும் சேர்ந்தால் கல்லில் பச்சை படியாமல் வேறென்ன செய்யும்? ஆட்கள் இறங்கித் தூரிகையால் தேய்க்கிறார்கள்.

இனி வெள்ளம். 200 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை, மணிக்கு 118 மி.மீ. என்று வடிவமைப்பு. படுகைப் பரப்பு சுமார் 51 சதுர கி.மீ. அவ்வளவு மழையும் அப்படியே ஓடிவந்தால், ஒரு முரட்டுக் கணக்குக்கு, வினாடிக்கு 1,600 கன மீட்டருக்கு மேல். உறிஞ்சுதல், தாமதம் எல்லாம் கழித்தாலும் சாதாரண நாள் ஓட்டத்தைப் போலப் பல நூறு மடங்கு. அதனால்தான் குறுக்குவெட்டு அடுக்கடுக்காக இருக்கிறது: நடுவில் சிறு வாய்க்கால், இருபுறமும் மூழ்குவதற்கென்றே விட்ட நடைபாதை, பிறகு உயரமான சுவர்.

சிக்கல் பெருமழையில் இல்லை, சின்ன மழையில்தான். அந்தப் பகுதியில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். ஓடையின் இருபுறமும் சுவருக்குப் பின்னால் பெட்டிக் கால்வாய்கள் ஓடுகின்றன. வறண்ட நாள் கழிவுநீர் ஓட்டத்தைப் போல மூன்று மடங்கு வரை அவை தாங்கும். அதற்கு மேல் போனால் சுவரில் உள்ள மதகுக் கதவுகள் திறந்து, சாக்கடை கலந்த மழைநீர் நேராக ஓடைக்குள் விழும். 15 நிமிடத்தில் 3 மி.மீ. பெய்தாலே போதும். மீன் செத்து மிதக்கும் படங்கள் வருகின்றனவே, அவை பெரும்பாலும் முதல் மழைக்குப் பிந்தையவை. சாலைத் தூசி, எண்ணெய், குழாயடிக் கசடு எல்லாம் முதல் தள்ளில் வந்துவிடும். ஆக்ஸிஜன் சட்டென்று இறங்கும்.

கீழே நடந்துகொண்டிருப்பவர்களுக்கும் இதே ஆபத்து. தலைக்கு மேல் தூறல்தானே என்று பாலத்தடியில் ஒதுங்குவார்கள். பத்து நிமிடத்தில் நடைபாதை மூழ்கும். இப்போது வானிலை எச்சரிக்கையைப் பார்த்து முன்கூட்டியே வாயில்களை அடைத்துவிடுகிறார்கள்.

#4 புதியவன்83

மதகுக்காரர் ஐயா, அப்படியென்றால் கூவத்துக்கும் இப்படிப் பம்பு போட்டு...

#5 மதகுக்காரர்

கூவத்தை இங்கே இழுக்காதீர்கள், தம்பி. அது கடல்மட்டத்துக்கு ஒட்டி ஓடும் ஆறு, முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைக்கும். சொங்கெச்சொன் மலையடியிலிருந்து இறங்கிப் பெரிய ஆற்றில் சேரும் ஓடை. சரிவே வேறு. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

#6 தடம்27

இந்த இழையில் இன்னும் யாரும் பேருந்தைப் பற்றிப் பேசவில்லையே! திட்டம் பிழைத்ததே அதனால்தான்.

மேம்பாலமும் கீழ்ச்சாலையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 1,68,000 வண்டிகள். எதிர்த்தவர்கள் "நகரம் உறைந்து நிற்கும்" என்றார்கள். உறையவில்லை. "சாலையை எடுத்தால் வண்டியும் மாயமாகும்" என்று சிலர் மந்திரம் போலச் சொல்கிறார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. ஓடையோடு சேர்த்து என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

இடிப்பதற்கு முன்பே, 2002 டிசம்பரில், சுரங்க ரயிலின் கடைசி வண்டியை இரவு 1 மணி வரை நீட்டித்தார்கள். வாரத்தில் ஒரு நாள் காரை வீட்டில் விடும் தன்னார்வத் திட்டம் வந்தது. ஓடையோரச் சாலையில் ஒரு திசைக்கு இரண்டு தடம் மட்டும் விட்டார்கள். பெரிய மாற்றம் 2004 ஜூலை 1ல்: நகரத்தின் பேருந்து முறை மொத்தமும் ஒரே நாளில் மாறியது. தடங்களைத் திருப்பி வரைந்து நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று நிறம் பிரித்தார்கள். சாலை நடுவே பேருந்துக்கென்று தனித்தடம். முன்பு தனியார் முதலாளிகள் பயணியைத் துரத்தித் துரத்தி ஓட்டினார்கள். இனி ஓடிய கிலோமீட்டருக்குப் பணம், வசூல் பொதுக்கணக்குக்கு. கட்டணம் தூரத்துக்கு: முதல் 10 கி.மீ.க்கு 800 வொன், அதன்பின் ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் 100 வொன் என்பது அன்றைய கணக்கு. பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் கணக்கு தொடரும்.

முதல் நாள் என்ன ஆயிற்று? அட்டை வாசிக்கும் கருவிகள் படுத்துவிட்டன. எந்த எண் எங்கே போகிறது என்று நிறுத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. தனித்தடத்தில் பேருந்துகள் ரயில் மாதிரி வரிசைகட்டி நின்றன, ஏனென்றால் ஒரே தடத்துக்குள் அளவுக்கு மீறி வழித்தடங்களை நுழைத்திருந்தார்கள். மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழித்தடங்களைக் குறைத்துச் சரிசெய்த பிறகுதான் தனித்தடம் வேலை செய்தது.

ஓடையைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் நகராட்சிக் குழுக்கள் இந்தப் பகுதியை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றன. ஓடை இல்லாமல் பேருந்துச் சீர்திருத்தம் நடக்கலாம், பேருந்துச் சீர்திருத்தம் இல்லாமல் ஓடைத் திட்டம் நடக்காது.

#7 கடைத்தெரு

எல்லாரும் தண்ணீரையும் வண்டியையும் எண்ணியாயிற்று. ஆட்களை யாரும் எண்ணவில்லை.

ஓடையை ஒட்டிய வட்டாரத்தில் சுமார் 60,000 கடைகள். துணி, காலணி, கருவிகள், விளக்கு, மின்பொருள், பழைய புத்தகம், அச்சு, உலோக வேலை. கடை என்றால் வாசலில் ஒரு பலகை என்று நினைக்காதீர்கள். ஒருவர் தகடு வெட்டுவார், அடுத்த சந்தில் ஒருவர் வளைப்பார், அதற்கடுத்தவர் பற்றவைப்பார், நான்காமவர் முலாம் பூசுவார். காலையில் வரைபடம் கொடுத்தால் மாலையில் உதிரிபாகம் கையில். சரக்கு ஏற்றி இறக்கக் கடைவாசலில் வண்டி நிற்கவேண்டும். அதுதான் அவர்களுடைய மூச்சு.

நேரடி நட்ட ஈடு கிடையாது என்று நகராட்சி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது: கட்டடம் எதையும் எடுக்கவில்லையே, எதற்கு ஈடு? பதிலாகக் குறைந்த வட்டிக் கடன், வாகனம் நிறுத்த இடம், சரக்கு இறக்க இடம். போக விரும்புகிறவர்களுக்கு நகரின் தென்கிழக்கில் முன்ஜோங்-தோங்கில் பெரிய வணிக வளாகம் கட்டித் தருவதாக வாக்கு. அதுதான் கார்டன் ஃபைவ்.

அது திறக்க 2010 ஆயிற்று. ஓடை திறந்து ஐந்து வருடம் கழித்து! அதற்குள் கடைக்கான விலை முதலில் பேசப்பட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. போகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம், கடைசியில் ஒப்பந்தம் போட்டவர்கள் ஆயிரத்துச் சொச்சம். வாடிக்கையாளர் இல்லாத பளிங்குத் தளத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். லேத் பட்டறையை எட்டாவது மாடியில் வைக்க முடியாது என்பது வரைந்தவருக்குத் தெரியவேண்டாமா?

#8 அளவுகோல்

கடைத்தெரு அண்ணே, ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். வியாபாரிகளோடு 4,000 தடவைக்கு மேல் கூட்டம் நடத்தினார்கள் என்பது பதிவில் இருக்கிறது. இவ்வளவு பெரிய திட்டத்தை 27 மாதத்தில் முடித்ததற்கு அந்தப் பேச்சுவார்த்தையும் காரணம். வேறு நகரங்கள் இதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்வதில்லை.

#9 கடைத்தெரு

செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. யாரோடு என்று பாருங்கள். சங்கம் வைத்திருந்த கடைக்காரர்களோடு. நடைபாதை வியாபாரிகளுக்கு நடந்தது வேறு.

2003 நவம்பர் இறுதியில் போலீஸ் துணையோடு அப்புறப்படுத்தினார்கள். ஹ்வாங்ஹாக்-தோங் பழைய பொருள் சந்தை போயிற்று. ஏறத்தாழ 900 பேரைத் தோங்டேமுன் விளையாட்டரங்கின் கால்பந்து மைதானத்துக்குள் அனுப்பி, "இதை உலகப் பெயர்பெற்ற சந்தையாக்குவோம்" என்றார்கள். கூரை இல்லாத மைதானம், மழை வந்தால் சேறு. அவர்கள் எப்படியோ அதையும் சந்தையாக்கிக் காட்டினார்கள். அடுத்த மேயர் காலத்தில் அந்த அரங்கத்தையும் இடித்து, ஜஹா ஹதித் வடிவமைத்த தோங்டேமுன் டிசைன் பிளாசா கட்ட முடிவாயிற்று. 2008ல் மறுபடியும் மூட்டைமுடிச்சு. இம்முறை சின்சொல்-தோங்கில் ஒரு பழைய பள்ளி வளாகம். ஐந்து ஆண்டுக்குள் இரண்டு இடமாற்றம். ஒவ்வொரு தடவையும் பழைய வாடிக்கையாளரில் ஒரு பகுதி கழன்றுபோகும். நடைபாதை வியாபாரத்துக்கு முதலீடே அந்த வாடிக்கையாளர்தான்.

இன்னொன்று. கரையோரக் கட்டடங்களுக்கு உயர வரம்பைத் தளர்த்தும் விஷயத்தில் லஞ்சம் வாங்கியதாக, திட்டத்தை முன்னின்று நடத்திய துணை மேயரே 2005 மேயில் கைதாகித் தண்டனையும் பெற்றார். திறப்பு விழாவுக்கு ஐந்து மாதம் முன்பு. ஓடையோர மனையில் யாருக்குக் கண் இருந்தது என்று புரிந்துகொள்ள இதுவே போதும்.

#10 கல்வெட்டுப்பிரியன்

"மீட்டெடுப்பு" என்று பெயர் வைத்துவிட்டுப் பழைய பாலங்களை நடத்திய விதம்தான் என் ஆதங்கம்.

க்வாங்தோங் பாலம் 1410ல் கல்லால் கட்டப்பட்டது. அரசி சிந்தொக்கின் கல்லறையிலிருந்து பெயர்த்த கற்கள், செதுக்கு வேலையோடு, பாலத்தின் தாங்குசுவரில் இருக்கின்றன. (வேண்டாத சித்தியின் கல்லறைக் கல்லை ஊரே மிதிக்கட்டும் என்று அந்தக் கால அரசன் நினைத்தான் என்பார்கள், அரண்மனைச் சண்டை எங்கும் ஒன்றுதான்.) அதைத் திரும்ப நிறுவினார்கள், ஆனால் அதே இடத்தில் இல்லை. பழைய இடத்தில் இப்போது வாகனப் பாலம் வேண்டும் என்பதால் சற்று மேலே தள்ளி வைத்தார்கள்.

சுப்யோ பாலம் இன்னும் மோசம். மூடும் வேலைக்காக 1959ல் பெயர்த்தெடுத்து, பிறகு ஒரு பூங்காவுக்குக் கொண்டுபோனது. திரும்பக் கொண்டுவரலாம் என்றால், புதிய ஓடையின் அகலத்தைவிடப் பாலம் நீளம்! ஓடையை அகலப்படுத்தினால் சாலைத் தடம் போய்விடும். கடைசியில் அசல் பூங்காவிலேயே நிற்கிறது, இடத்தில் ஒரு நகல். வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே நேரத்தில் ஓட்டும் முறையில் வேலை கொடுத்திருந்ததால், தோண்டும்போது பழைய கல்சுவர்கள் கிடைத்தபோது நிறுத்தி யோசிக்க அட்டவணையில் இடமே இல்லை. மேயரின் பதவிக்காலம் 2006 ஜூனில் முடிகிறது, அதற்குள் நாடா வெட்டவேண்டும். ஆலோசனைக்கென்று அமைத்த குடிமக்கள் குழுவின் உறுப்பினர்கள் இந்த விஷயத்தில் முறுக்கிக்கொண்டு விலகினார்கள். ஓடையை மீட்கவேண்டும் என்று முதலில் குரல்கொடுத்த அறிவாளிகளில் சிலரே 2004ல் "இது மீட்பா, மேம்பாட்டு வியாபாரமா" என்று கேட்டு எழுதினார்கள்.

#11 தடம்27

நடைபாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே, சாலைக்கும் ஓடைக்கும் நடுவே விட்ட நடைபாதை ஒன்றரை மீட்டர் அளவுதான். அதிலும் மரத்தை நட்டால் சக்கர நாற்காலி எங்கே போகும்? கீழே இறங்கச் சாய்தளங்கள் சில இடங்களில்தான். மாற்றுத்திறனாளி அமைப்புகள் திறப்பு நாட்களிலேயே போராடின. இரண்டு தடம், சரக்கு இறக்கும் இடம், நடைபாதை, ஓடை எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்குள் அடைக்கும்போது, குரல் குறைந்தவர்களுக்கான சென்டிமீட்டர்தான் முதலில் வெட்டுப்படும்.

#12 புதியவன்83

அப்படியானால் வெப்பம் குறைந்தது, காற்று சுத்தமானது, மீன் வந்தது என்று சொல்வதெல்லாம்?

#13 அளவுகோல்

எண்கள் உண்மைதான், எதோடு ஒப்பிட்டது என்று பார்க்கவேண்டும்.

ஓடையோரம் 3.3 முதல் 5.9 டிகிரி குறைவு என்பது நான்கு முதல் ஏழு தெரு தள்ளி இணையாக ஓடும் சாலையோடு ஒப்பிட்டது. கோடையில் நீரோரம் நிற்பவருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அது. நகரம் முழுவதும் அவ்வளவு குளிர்ந்துவிட்டது என்று யாரும் படிக்கக் கூடாது.

நுண்தூசி 74 மைக்ரோகிராமிலிருந்து 48க்கு இறங்கியது. அதே ஆண்டுகளில் டீசல் பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கு எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

மீன் வகை 4லிருந்து 25, பறவை 6லிருந்து 36. முன்பு எண்ணியது மூடிய சாக்கடையில். அங்கே நாலு வகை இருந்ததே ஆச்சரியம். கீழ்முனை ஜுங்னாங் ஓடை வழியாக ஹான் ஆற்றோடு சேர்வதால் மீன் தானாகவே மேலேறி வரும்.

ஐம்பது மீட்டருக்குள் நிலமதிப்பு 30 முதல் 50 விழுக்காடு கூடியது என்ற எண்ணை மட்டும் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியவில்லை. நகராட்சி அறிக்கையில் அது நன்மைப் பட்டியலில் இருக்கிறது.

#14 கடைத்தெரு

சொந்தக் கட்டடம் வைத்திருந்தவருக்கு நன்மைப் பட்டியல், வாடகைக்கு இருந்தவருக்குக் காலி செய்யும் நோட்டீஸ். அங்கே பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். ஓடையை ஒட்டிய செவூன் வளாகத்தைச் சுற்றியுள்ள உல்ஜிரோ பட்டறைச் சந்துகளை 2018 கடைசியில் இடிக்க ஆரம்பித்தபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. 2019 ஜனவரியில் பழைய உணவகங்களையும் பட்டறைகளையும் காப்பாற்றச் சொல்லிப் பெரிய எதிர்ப்பு. அன்றைய மேயர் மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தார். அதற்குள் ஒரு பகுதி தரைமட்டம். நான்கு பேர் சேர்ந்து செய்யும் உதிரிபாகத்தில் முலாம் பூசுபவர் மட்டும் ஊருக்கு வெளியே போனாலும் மற்ற மூவருக்கும் வேலை நின்றுவிடும்.

#15 மதகுக்காரர்

அளவுகோல் சொன்ன மீன் கணக்குக்கு ஒரு திருத்தம். எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்பதையும் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்பு எண்ணினால் ஒரு எண், மதகு திறந்து சாக்கடை பாய்ந்த பிறகு எண்ணினால் வேறு எண். வடிகால் குழாய்களை இரண்டாகப் பிரிக்காதவரை, அல்லது முதல் மழைநீரைப் பிடித்துவைக்க நிலத்தடித் தொட்டி கட்டாதவரை, ஒவ்வொரு ஜூலையிலும் பாதியிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான். மூடிக்கிடக்கும் கிளை ஓடைகளைப் பற்றிப் பேச 2012ல் புதிதாக ஒரு குடிமக்கள் குழு போட்டார்கள். அவற்றில் முதலில் கழிவுநீரைப் பிரித்தால்தான் மேலிருந்து மலைத்தண்ணீர் விட முடியும், பம்பையும் குறைக்க முடியும். அதற்குத் தோண்டவேண்டிய தெருக்கள் வேறு, அங்கே படம் எடுக்க ஒன்றும் இருக்காது.